கோலாலம்பூர் ஜாலான் அலோர்ல ராத்திரி சாப்பாடு: முதல் தடவை போறவங்களுக்கு

போன வருஷம் திருச்சியில இருந்து குடும்பத்தோட கோலாலம்பூர் போனோம். நான், வீட்டுக்காரம்மா, ஒன்பது வயசுப் பையன், சுத்த சைவம் சாப்பிடுற எங்க அம்மா. முதல் நாள் ராத்திரியே எல்லாரும் சொல்ற சாப்பாட்டுத் தெரு ஜாலான் அலோருக்குப் போயி, தெருவுல நுழைஞ்சதும் மெனு கார்டை நீட்டின முதல் கடையிலயே உட்கார்ந்துட்டோம். மெனுவுல மீனுக்கு 18னு போட்டிருந்துச்சு, நல்ல விலைதான்னு தலையாட்டிட்டேன். அது 100 கிராமுக்கு 18 ரிங்கிட்னு பில் வந்தப்பதான் தெரிஞ்சுது. மீன் 900 கிராம், அது மட்டும் 162 ரிங்கிட், மொத்தம் 231, நம்ம காசுல கிட்டத்தட்ட 4,600 ரூபாய். அதைவிட மனசு கஷ்டமானது அம்மா விஷயம். கீரைதானேன்னு சொல்லி வாங்கின கீரையில இறால் விழுது போட்டிருந்தாங்க, அம்மா ரெண்டு வாய் வச்சதுக்கப்புறம்தான் கண்டுபிடிச்சோம், அன்னைக்கு அவங்க வெறும் சோத்தோட எழுந்துட்டாங்க.

அடுத்த மூணு ராத்திரியும் அதே தெருவுக்குப் போனோம். அம்மாவும் வயிறார சாப்பிட்டாங்க, செலவும் பாதியாச்சு. அருமையான தெரு அது, எப்படிப் போகணும்னு தெரிஞ்சுட்டா போதும். நாங்க பட்டது நீங்க படக்கூடாதுன்னு வரிசையா எழுதுறேன்.

1. கிளம்புறதுக்கு முன்னாடி பேப்பர் வேலை

இந்திய பாஸ்போர்ட் வச்சிருக்கிறவங்களுக்கு 2026 டிசம்பர் 31 வரைக்கும் 30 நாள் தங்க மலேசியா விசா இல்லாமலே விடுது. ஆனா விசா இல்லைன்னா எதுவுமே வேண்டாம்னு அர்த்தம் இல்லை. பாஸ்போர்ட் குறைஞ்சது 6 மாசம் செல்லுபடியா இருக்கணும், ரிட்டர்ன் டிக்கெட், ஹோட்டல் புக்கிங் ரெண்டையும் பிரிண்ட் எடுத்து கையில வச்சுக்கோங்க, கேட்டா போன்ல தேடிக்கிட்டு நிக்க வேண்டாம்.

அடுத்தது டிஜிட்டல் அரைவல் கார்டு, அதாவது ஆன்லைன்ல நிரப்புற வருகைப் படிவம். இது கட்டாயம், குழந்தைக்கும் தனியா போடணும், போய் இறங்குற நாளுக்கு முன்னாடி 3 நாளுக்குள்ளதான் போட முடியும். இதுக்குக் காசே கிடையாது. இங்கதான் ஒரு பொறி இருக்கு: கூகுள்ல தேடினா மேலயே வர்ற சில சைட்டுங்க ஆளுக்கு இவ்வளவுன்னு காசு வாங்கிட்டு இதையே போட்டுத் தருது. மலேசிய இமிகிரேஷனோட சைட் அட்ரஸ் டாட் கவ் டாட் எம்ஒய்னு முடியும், அதைப் பார்த்துட்டு மட்டும் விவரம் குடுங்க.

ஓலா மாதிரி கார் கூப்பிடுற கிராப் ஆப்பை இங்க இருக்கும்போதே போட்டு, நம்ம நம்பருக்கு ஓடிபி வாங்கி, கணக்கைத் திறந்து வச்சுடுங்க. அங்க போயி சிம் மாத்தினதுக்கு அப்புறம் ஓடிபி வராம ஏர்போர்ட்ல அரை மணி நேரம் நின்னோம். அங்க சிம் வாங்கவும் பாஸ்போர்ட் காட்டணும், அதனால பாஸ்போர்ட்டை பெட்டிக்குள்ள பூட்டிடாதீங்க.

ஹோட்டல் விஷயத்துல ஒண்ணு: வெளிநாட்டுக்காரங்களுக்கு ஒரு ரூமுக்கு ஒரு ராத்திரிக்கு 10 ரிங்கிட் டூரிசம் டாக்ஸ் உண்டு, ஆன்லைன்ல முழுப் பணம் கட்டியிருந்தாலும் கவுண்டர்ல தனியா கேட்பாங்க, அது ஏமாத்து இல்லை.

2. தெரு எங்க இருக்கு, எப்படிப் போறது

புக்கிட் பிந்தாங்னு ஊருக்கு நடுவுல பெரிய கடைவீதி, அதுக்குப் பின்பக்கம் இணையா ஓடுற தெருதான் ஜாலான் அலோர். எம்ஆர்டிங்கிற மெட்ரோ ரயில், மோனோரயில் ரெண்டுக்குமே புக்கிட் பிந்தாங்ல ஸ்டேஷன் இருக்கு, இறங்கினா நடை தூரம். டச் அண்ட் கோ கார்டு ஒண்ணு வாங்கிட்டா ரெண்டுலயும் தட்டிட்டுப் போகலாம்.

ஏர்போர்ட்ல இருந்து வர்றதுக்கு எக்ஸ்பிரஸ் ரயில் ஆளுக்கு 55 ரிங்கிட், கேஎல் சென்ட்ரல்ங்கிற பெரிய ரயில் ஸ்டேஷனுக்கு அரை மணி நேரத்துல வந்துடும், தனியா வர்றவங்களுக்கு சரி. மூணு நாலு பேருன்னா கிராப் கார்தான் மலிவு, ஹோட்டல் வாசல்லயே இறக்கியும் விடுவாங்க.

தெருவோட ஒரு முனை சங்காட் புக்கிட் பிந்தாங் பக்கம் திறக்குது, அது மது பார் நிறைஞ்ச தெரு. இன்னொரு முனையில வோங் ஆ வானு பேர் போன கோழி இறக்கைக் கடை. ஸ்டேஷன்ல இருந்து வர்றவங்க முக்கால்வாசி பேர் சங்காட் பக்கமாத்தான் நுழைவாங்க, நுழைஞ்ச உடனே ரெண்டு பக்கமும் மெனுவைக் காட்டிக் கூப்பிடுவாங்க. சிரிச்சுட்டு நடந்துக்கிட்டே இருங்க. முதல்ல அந்தக் கோழி இறக்கைக் கடை முனை வரைக்கும் சும்மா நடந்து பார்த்துட்டு, திரும்பி வரும்போது சாப்பிடுங்க. நாங்க முதல் நாள் இதைச் செஞ்சிருந்தா 231 ரிங்கிட் பில் வந்திருக்காது.

3. எந்த நேரம், எந்த நாள்

சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேலதான் மேஜை நாற்காலியெல்லாம் ரோட்டுக்கு வரும், நள்ளிரவு தாண்டியும் ஓடும். குழந்தை, வயசானவங்க கூட வந்தா ஆறு, ஆறரைக்கே போயிடுங்க. ஏழேகால் வரைக்கும் அங்க வெளிச்சம் இருக்கும், நல்ல இடம் கிடைக்கும், சமைக்கிறவங்களும் நிதானமா நாம சொல்றதைக் கேட்பாங்க. எட்டுல இருந்து பத்து வரை நெரிசல், அந்த நேரத்துல எதை மாத்திச் சொன்னாலும் காதுல ஏறாது, சைவக்காரங்க அந்த நேரத்தைத் தவிர்க்கிறது நல்லது.

நம்ம நேரத்தைவிட அங்க ரெண்டரை மணி நேரம் முன்னாடி. அதாவது அங்க ஏழு மணின்னா நம்ம வயித்துக்கு நாலரை. முதல் நாள் பையன் ஏழு மணிக்கு எதையும் தொடலை, பதினோரு மணிக்கு பசின்னு அழுதான். முதல் ரெண்டு நாளைக்கு இப்படித்தான் இருக்கும், அதனால ஒரே தடவையில நிறைய ஆர்டர் பண்ணாதீங்க.

வெள்ளி, சனி ராத்திரி கூட்டம் ரொம்ப ஜாஸ்தி. திங்கட்கிழமை சில கடைங்க லீவு விடும். சீனப் புத்தாண்டு சமயத்துல சில நாள் பாதித் தெரு மூடியிருக்கும், அந்த வாரம் டிக்கெட் போடுறவங்க இதை மனசுல வச்சுக்கோங்க. மழை சாயங்காலம் திடீர்னு கொட்டும், ஆளுக்கொரு குடை வேணும். மழை விடவே இல்லைன்னா லாட் 10 மாலுக்குக் கீழ ஹுதோங்னு ஒரு ஃபுட் கோர்ட் இருக்கு, ஏசி, விலை எழுதிப் போட்டிருக்கும், பழைய சீனக் கடைகளோட கிளைங்க ஒரே இடத்துல. ஆனா அது மால் நேரத்துக்கு மூடிடும், பன்றிக்கறியும் உண்டு.

4. உட்கார்றதுக்கு முன்னாடி கேட்க வேண்டியது

விலை மெனுவுல எப்படி எழுதியிருக்குன்னு பாருங்க. சைவ ஐட்டம், நூடுல்ஸ் எல்லாத்துக்கும் சின்னது, நடுத்தரம், பெருசுன்னு மூணு விலை இருக்கும், ஆர்டர் எடுக்கிற பையன் கேட்காமலே பெருசுன்னு எழுதிடலாம், சின்னது போதும்னு விரலால காட்டிச் சொல்லுங்க. மீன், நண்டு, பெரிய இறாலுக்கு மார்க்கெட் விலைன்னு போட்டிருந்தா அது எடைக் கணக்கு. 100 கிராமுக்கா, கிலோவுக்கா, இந்த மீன் எத்தனை கிராம், மொத்தம் எவ்வளவு, இந்த நாலையும் சமைக்கிறதுக்கு முன்னாடி கேட்டு, எடையை உங்க கண் முன்னாடி போடச் சொல்லி, மொத்தத் தொகையை அவங்க ஆர்டர் சீட்டுல எழுத வச்சுடுங்க. இதுல வெட்கமே பட வேண்டாம், உள்ளூர்க்காரங்களும் கேட்டுத்தான் வாங்குறாங்க.

மேஜை மேல தானா வந்து உட்கார்ற நிலக்கடலைத் தட்டு, ஈர டிஷ்யூ பாக்கெட், ரெண்டுக்கும் பல கடைல காசு. வேண்டாம்னா தொடாம திருப்பிக் குடுத்துடுங்க. பில் வந்ததும் ஒவ்வொரு வரியா பார்த்துட்டு அப்புறம் பணம் எடுங்க, எங்களுக்கு ரெண்டாவது நாள் சாப்பிடாத ஒரு தட்டு பில்லுல இருந்துச்சு, காட்டினதும் உடனே எடுத்துட்டாங்க.

வண்டிக் கடைங்களுக்கு ரொக்கம் வேணும். 5, 10 ரிங்கிட் நோட்டா வச்சுக்கோங்க. ஏர்போர்ட்ல கொஞ்சமா மாத்திட்டு மிச்சத்தை புக்கிட் பிந்தாங் மணி சேஞ்சர்கிட்ட மாத்துங்க, ரேட் நல்லா இருக்கும். நாங்க போனப்ப ஒரு ரிங்கிட் சுமார் 20 ரூபாய். அங்க இருக்கிற நம்ம தமிழாளுங்க ரிங்கிட்னு சொல்ல மாட்டாங்க, வெள்ளின்னுதான் சொல்வாங்க, பத்து வெள்ளின்னு கேட்டா குழம்பாதீங்க.

5. அசைவம் சாப்பிடுறவங்களுக்கு

என்னோட யோசனை ஒரே கடையில முழுச் சாப்பாடு வேண்டாம். மூணு இடத்துல கொஞ்சம் கொஞ்சமா.

முதல்ல கடைசி முனைக்குப் போயி கரி அடுப்புல சுட்ட கோழி இறக்கை. வெளிய பளபளன்னு தேன் நிறம், உள்ள ஈரம் போகாம இருக்கும், கூட வர்ற மிளகாய்ச் சட்னியில எலுமிச்சைப் புளிப்பு தூக்கலா இருக்கும். ஆளுக்கு ரெண்டு போதும், வரிசை இருந்தாலும் சீக்கிரம் நகரும்.

அப்புறம் சாத்தே. குச்சியில குத்தின கோழி இல்ல மாட்டிறைச்சி, கடலைக் குழம்புல தொட்டுச் சாப்பிடணும். கோழின்னா ஆயாம், மாடுன்னா டாகிங் இல்ல லெம்பு, ஆடுன்னா காம்பிங். மாடு சாப்பிடாதவங்க ஆயாம்னு அழுத்திச் சொல்லுங்க. நிலக்கடலை அலர்ஜி இருக்கிற குழந்தைக்கு அந்தக் குழம்பு ஆகவே ஆகாது.

மூணாவதா வாழை இலையில வச்சு சம்பல்ங்கிற மிளகாய் விழுது பூசிச் சுட்ட திருக்கை மீன், இக்கான் பாரின்னு கேளுங்க. முள் கிடையாது, நடுவுல குருத்தெலும்பு மட்டும்தான், அதனால பையனுக்கும் பயமில்லாம குடுத்தோம். எங்களுக்கு 35 ரிங்கிட் ஆச்சு, மூணு பேர் பங்கு போட்டுச் சாப்பிட்டோம். ஹொக்கியன் மீ அப்படின்னு கறுப்பா தடியா வர்ற நூடுல்ஸ் பெரிய அடுப்புத் தீயில கிளறுவாங்க, அந்தப் புகை வாசம் வீட்டுல எப்படிச் செஞ்சாலும் வராது, ஆனா அதுல பன்றிக் கொழுப்பை வறுத்துப் போடுவாங்க. சார் குவே தியாவ்ங்கிற தட்டை நூடுல்ஸ்லயும் பல கடையில அப்படித்தான்.

ஹலால் பார்க்கிறவங்களுக்கு: இந்தத் தெரு பெரும்பாலும் சீனக் கடைங்க. பன்றி இல்லை, பன்றிக் கொழுப்பு இல்லைன்னு போர்டு வச்சிருந்தா அது ஹலால் ஆயிடாது, மலேசிய அரசோட இஸ்லாமியத் துறை ஜாக்கிம் குடுக்கிற ஹலால் முத்திரை இருக்கான்னு பாருங்க. பக்கத்துலயே ஜாலான் பெராங்கான் பக்கம் அரபுச் சாப்பாட்டுக் கடைங்க வரிசையா இருக்கு, அங்க போயிடலாம்.

6. சைவம் மட்டும் சாப்பிடுறவங்களுக்கு

இதுதான் எனக்கு முக்கியம், கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

சைவம்னு சொன்னா பல கடையில காய்னு மட்டும்தான் புரிஞ்சுக்குவாங்க. காய்ல கறித்துண்டு போட மாட்டாங்க, ஆனா பெலாச்சான் போடுவாங்க, அது இறாலை அரைச்சுப் புளிக்க வச்ச விழுது. எங்க அம்மா சாப்பிட்ட கங்குங் கீரையில இருந்தது அதுதான். நம்ம ஊர் வள்ளைக்கீரையேதான் கங்குங், பார்த்ததும் பழக்கமான கீரைன்னு நம்பிடுவோம். பெலாச்சான் வேண்டாம்னு சொன்னா அடுத்து ஆய்ஸ்டர் சாஸ் போடுவாங்க, அது சிப்பி. சம்பல்னு பேர்ல வர்ற மிளகாய் விழுதுலயும் இறால் இருக்கும். நாசி லெமாக்ங்கிற தேங்காய்ப்பால் சோத்துல நெத்திலி. அதனால ஒவ்வொண்ணா பேர் சொல்லித்தான் மறுக்கணும்.

நாங்க பண்ணின வேலை: இறைச்சி, மீன், இறால், பெலாச்சான், ஆய்ஸ்டர் சாஸ், பன்றிக் கொழுப்பு, முட்டை எதுவும் வேண்டாம், பூண்டும் உப்பும் மட்டும் போட்டு வதக்கிக் குடுங்கன்னு போன்ல மலாய்லயும் சீனத்துலயும் மொழிபெயர்த்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அடுப்புல நிக்கிறவர்கிட்டயே காட்டினோம். ஆர்டர் எடுக்கிற பசங்க பல பேர் மியான்மர், பங்களாதேஷ்ல இருந்து வந்தவங்க, அவங்க வழியா சொன்னா சமையல்காரர் வரைக்கும் போய்ச் சேராது. ரெண்டாவது நாள் ஒரு சமையல்காரம்மா அதைப் படிச்சுட்டு, வாணலியைக் கழுவி, எங்க கண் முன்னாடி கீரை வதக்கிக் குடுத்தாங்க. அம்மா அன்னைக்குத்தான் நல்லா சாப்பிட்டாங்க.

வாயில சொல்லத் தெரிஞ்சிருந்தாலும் உதவும். தாக் மாவ் பெலாச்சான்னா பெலாச்சான் வேண்டாம். தாக் மாவ் பெடாஸ்னா காரம் வேண்டாம். சாயூர் சஹாஜான்னா காய் மட்டும். பெராப்பான்னா எவ்வளவு. புங்குஸ்னா பார்சல், சீனக் கடையில தாப்பாவ்னும் சொல்வாங்க.

தெருவுல நம்பி வாங்கக்கூடியது: வெட்டின பழம், இளநீர், அவிச்ச சோளம், வறுத்த செஸ்ட்நட், சிரட்டையிலயே வச்சுத் தர்ற தேங்காய் ஐஸ்கிரீம். அப்பாம் பாலிக்னு கடலை தூவி மடிச்சுத் தர்ற பணியாரம் மாதிரி ஒண்ணு இருக்கு, மாவுல முட்டை உண்டு, கேட்டுக்கோங்க.

முழுச் சாப்பாடு வேணும்னா வேற வழி, மோனோரயில்ல லிட்டில் இந்தியான்னு சொல்ற பிரிக்பீல்ட்ஸ் போயிடுங்க. புக்கிட் பிந்தாங்ல ஏறி துன் சம்பந்தன் ஸ்டேஷன்ல இறங்கினா, இம்பி, ஹாங் துவா, மகாராஜாலேலா தாண்டி நாலாவது ஸ்டேஷன். நம்ம ஆளு பேர்ல ஒரு ஸ்டேஷன்னு அம்மா அந்த போர்டைப் பார்த்து நின்னுட்டாங்க. அங்க சைவ ஹோட்டலும் வாழை இலைக் கடையும் நிறைய, இட்லி தோசையில இருந்து எல்லாம் கிடைக்கும். அங்க சாப்பிட்டுட்டு எட்டு மணிக்கு ஜாலான் அலோருக்குத் திரும்பி வந்து ஐஸ்கிரீம் மட்டும் சாப்பிட்டோம் கடைசி நாள், அம்மாவுக்கு அதுதான் பிடிச்சுது.

7. டுரியான் பழம் வாங்குறதுன்னா

எடை ஓட்டோட சேர்த்துத்தான், விலை கிலோவுக்கு. முசாங் கிங்ங்கிற ரகம் விலை கூடுனது, முதல் தடவைன்னா விலை குறைஞ்ச டி24 ரகம் போதும். முதல்ல எடை போட்டு மொத்த விலை கேளுங்க, திறந்து காட்டச் சொல்லுங்க, அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுடுங்க. ஹோட்டல் ரூமுக்கு எடுத்துட்டுப் போகாதீங்க, பெரும்பாலான ஹோட்டல்ல தடை, நாத்தம் வந்தா அபராதம் போடுவாங்க. ரயில்லயும் ஏத்த மாட்டாங்க.

8. சங்காட் பக்கம் போறவங்களுக்கு

நான் குடிக்கிறதில்லை, ஒரு நண்பர் குடும்பத்துக்காக ஒரு நாள் போனேன், பார்த்ததைச் சொல்றேன். மது வாங்க வயசு 21 ஆகியிருக்கணும், 2017 டிசம்பர்ல இருந்து அதான் சட்டம், அடையாளம் கேட்பாங்க. மதுவுக்கு வரி அதிகம், அதனால சாயங்காலம் விலை குறைச்சுத் தர்ற ஹேப்பி ஹவர்லதான் பல பேர் போறாங்க. மெனுவுல விலைக்குப் பக்கத்துல ரெண்டு பிளஸ் குறி இருந்தா அந்த விலை முழு விலை இல்லை, சர்வீஸ் சார்ஜும் வரியும் மேல ஏறும், 100 ரிங்கிட்னு நினைச்சது 116 ஆகலாம். ரோட்டுல வந்து மசாஜ், கிளப்னு கூப்பிடுறவங்களுக்கு நின்னு பதில் சொல்லாதீங்க, நடந்துடுங்க.

சிகரெட் பிடிக்கிறவங்க கவனிங்க, 2019ல இருந்து ரோட்டோரக் கடை உள்பட எல்லாச் சாப்பாட்டுக் கடையிலயும் தடை, மேஜையில இருந்து 3 மீட்டர் தள்ளித்தான் போகணும்.

9. எவ்வளவு ஆகும்

ரெண்டாவது நாள்ல இருந்து எங்க நாலு பேருக்கு ஒரு ராத்திரிக்கு 110ல இருந்து 130 ரிங்கிட் ஆச்சு, இளநீர் ஐஸ்கிரீம் எல்லாம் சேர்த்து. ஆளுக்கு 40 ரிங்கிட்னு கணக்கு வச்சுட்டுப் போனா பயமில்லை. நண்டு, பெரிய இறால்னு இறங்கினா அந்தக் கணக்கு நிக்காது.

10. திரும்பிப் போறது

ரயில் நள்ளிரவு வாக்குல நின்னுடும். அதுக்கப்புறம் கிராப்தான். ஜாலான் அலோருக்குள்ளயே வண்டியைக் கூப்பிடாதீங்க, கூட்டத்துல உள்ள வர முடியாம டிரைவர் கேன்சல் பண்ணிடுவார், மெயின் ரோட்டுக்கு நடந்து போயி ஏதாவது ஒரு மால் வாசலை பிக்கப் இடமாப் போடுங்க. நிக்கிற டாக்சி மீட்டர் போட மாட்டேன்னா விட்டுடுங்க. ஹேண்ட்பேக்கை ரோட்டுப் பக்கம் மாட்டாதீங்க, பைக்ல வந்து பறிக்கிறது நடக்குது, போனைக் கையில நீட்டிப் பிடிச்சுக்கிட்டு ஓரமா நிக்கிறதும் வேண்டாம். பாஸ்போர்ட் ஒரிஜினல் உடம்போட ஒட்டின பையில இருக்கட்டும், போலீஸ் கேட்டா காட்டணும்.

பசி நடுராத்திரியில திரும்ப வந்தா பக்கத்துல மாமாக்னு சொல்ற சாப்பாட்டுக் கடை ஏதாவது திறந்திருக்கும், பல கடை ராப்பூரா ஓடுது. நடத்துறவங்க நிறைய பேர் தமிழ் முஸ்லிம்கள், அண்ணேன்னு கூப்பிட்டு தமிழ்லயே கேட்கலாம். பரோட்டா மாதிரி இருக்கிற ரொட்டி சானாய் சொல்லும்போது பருப்புக் குழம்பு மட்டும் ஊத்துங்க, மீன் குழம்பு, கோழிக் குழம்பு வேண்டாம்னு முன்னாடியே சொல்லிடுங்க, இல்லைன்னா கலந்து ஊத்திடுவாங்க. தே தாரிக்ங்கிற பால் டீ ரொம்ப இனிப்பு, கன்டென்ஸ்டு மில்க் போடுறது, சக்கரை வியாதி இருக்கிறவங்க தே ஓ கோசோங்னு கேளுங்க, பாலும் இல்லாம சக்கரையும் இல்லாம வரும்.